ஊர் திரும்பிய பிறகு தொடங்கும் வழக்கு

2012 செப்டம்பரில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமை மூடினார்கள். 2009இல் வன்னியிலிருந்து வெளியேறிய கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரில் பெரும்பாலானோரை முட்கம்பிக்குள் வைத்திருந்த இடம் அது. முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். கடைசியாக பஸ்களில் ஏற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தார்கள். அவர்கள் கேப்பாப்புலவுக்குப் போகவில்லை. ஊர் இராணுவத்திடம் இருந்ததால், சீனியாமோட்டையில் காடு வெட்டிய இடத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு அந்த இடமே கேப்பாப்புலவு மாதிரிக் கிராமம் ஆனது. ஊர் ஓரிடத்தில், ஊரின் பெயர் இன்னோரிடத்தில். முகாம் மூடப்பட்டது என்ற செய்தி மட்டும் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

மீள்குடியேற்றப் புள்ளிவிவரங்கள் எங்கே கண்ணில் பட்டாலும் எனக்கு அந்த மாதிரிக் கிராமம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒரு குடும்பத்தை முகாமின் பதிவிலிருந்து வெட்டி, ஒரு கிராம சேவையாளர் பிரிவின் பதிவில் எழுதினால் கணக்கில் ஒரு குடும்பம் திரும்பியதாகிவிடும். என் கணக்கு வேறு. ஒரு பெண் தன் காணியின் எல்லை எதுவென்று பக்கத்துக் காணிக்காரரோடு பேசிச் சம்மதித்து வேலி போட வேண்டும். அந்தக் காணியை வைத்துக் கடன் எடுக்கவோ, மகளுக்கு எழுதிக்கொடுக்கவோ யாருடைய தடையும் இருக்கக்கூடாது. அதுவரை நடந்ததைப் போக்குவரத்து என்றுதான் சொல்வேன். சமாதானம் பற்றிப் பேசுகிறவர்கள் கொழும்பையும் ஜெனீவாவையும் பார்த்துப் பேசுகிறார்கள். நான் கண்ட அளவில், வடக்கில் அது நிற்பதும் விழுவதும் வேலியோரத்தில்தான்.

என் சின்னம்மாவின் சீதனக் காணி வலிகாமம் வடக்கில், மயிலிட்டிக்குத் தெற்கே இருக்கிறது. 1990 ஜூனில் ஊர் முழுவதும் எழும்பி ஓடியது. அதன்பின் அந்தப் பகுதி பொதுமக்கள் போக முடியாத, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. சின்னம்மா எடுத்து வந்த பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் காணியின் உறுதிப் பத்திரமும் இருந்தன. நகைகள் வேறு பையில் இருந்தன. அந்தப் பை வந்து சேரவில்லை. நகை வந்து உறுதி போயிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டியபோது, "என்னுடையதும் அதற்குள்தான்" என்று கையில் உறுதியை வைத்துக்கொண்டு சொல்லக்கூடியவர்களில் அவரும் ஒருவர். 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடுவித்தார்கள். அவருடைய காணியும் அப்படி ஒரு கட்டத்தில் வந்தது.

அளவையாளர் ஐயாவோடு நாங்கள் உள்ளே போனபோது வீடு இருக்கவில்லை. இடிந்த வீடு, கூரையில்லாத வீடு என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனவர்களுக்கு, வீடு இருந்த தடமே இல்லாத ஒரு வெளி கிடைத்தது. கல்லையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். செம்மண்ணில் பற்றை, அதற்கு மேலே பனை, அதற்கு மேலே வானம். சின்னம்மா அழவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

"வீட்டைத் தேடாதே தம்பி, கிணற்றைத் தேடு. வீட்டை உடைத்துக் கொண்டுபோகலாம். கிணற்றை எங்கே கொண்டுபோவார்கள்?"

கிணற்றைக் கண்டுபிடித்தோம். இடிபாடுகளைப் போட்டு விளிம்புவரை தூர்த்திருந்தார்கள். மண்ணை விலக்கியபோது சீமெந்துக் கட்டின் வளைவு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. அங்கிருந்து அளக்கத் தொடங்கினோம். மேற்கே, ஒரு காலத்தில் வேலிக் கதியாலாக நட்ட பூவரசுகள் வெட்டுவாரில்லாமல் பெருமரங்களாகி ஒரே வரிசையில் நின்றன. பற்றைக்குள் நேர்கோட்டில் நிற்கும் மரம் தானாக முளைத்ததல்ல என்றார் அளவையாளர். அது ஓர் எல்லை. மற்ற மூன்று பக்கமும் உறுதியைத்தான் நம்ப வேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதியை வாசித்தவர்களுக்குத் தெரியும்: நிலத்தின் அளவு பரப்பு, குழி என்று எண்ணில் இருக்கும், எல்லைகள் மனிதர்களின் பெயரில் இருக்கும். கிழக்கே இன்னாரின் உரித்தாளர்களின் காணி, வடக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் மனைவியின் காணி, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு. எழுதிய காலத்தில் இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை. அந்த இன்னாரெல்லாம் செத்து, அவர்களின் உரித்தாளர்கள் ஐந்து நாடுகளில் பிரிந்து கிடக்கும்போது அதை வைத்து என்ன செய்வது?

தகராறு வடக்கே ஒழுங்கையில் வந்தது. அந்தப் பக்கத்துக் காணிக்காரரின் மகன் கனடாவில் இருந்தார். கைபேசியில் படத்தோடு பேசினார். ஒழுங்கை தங்கள் காணியைத் தொடாமல் திரும்பும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாராம். அவர் ஊரைவிட்டுப் போகும்போது ஏழோ எட்டோ வயதாக இருந்திருக்கும். சின்னம்மாவோ அது நேராகப் போய் மடத்தடியில் ஏறும் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம். குரல்கள் உயர்ந்தன. முப்பது வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் கோபம் வரைக்கும் பேச்சு போய் வந்தது.

தீர்த்து வைத்தவர் ஓர் ஆச்சி. எங்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர். போருக்கு முன் அந்த ஊரில் விடியற்காலையில் வீடுவீடாக இடியப்பம் விற்றவர். "இந்தப் பனையடியில் திரும்பித்தான் நான் உங்கள் படலைக்கு வருவேன், பிள்ளை. மழைக்குத் தண்ணீர் நிற்குமென்று இந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்" என்று நடந்தே காட்டினார். கனடாக்காரர் திரையில் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். அவருடைய வாயிலிருந்து வந்த முதல் கேள்வி ஒழுங்கையைப் பற்றியதாக இருக்கவில்லை, "ஆச்சி, இன்னும் இருக்கிறீர்களா!" அதற்குப் பிறகு அளவையாளர் முளையடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

இந்த இடத்தோடு நிறுத்தினால் அழகான நல்லிணக்கக் கதை. நான் நிறுத்தப்போவதில்லை. எங்கள் எல்லைக்குச் சாட்சி சொன்ன அந்த ஆச்சிக்கு அந்த ஊரில் ஒரு குழி நிலமும் இல்லை. அவர் குடியிருந்தது இன்னொருவரின் காணியில். காணிக்காரர்கள் வந்து விட்டார்கள். இனி அங்கே அவருக்கு வேலையில்லை. சின்னம்மா தேடிக் கண்டுபிடித்த அதே கிணற்றில் 1990க்கு முன் அவருக்குத் தண்ணீர் அள்ளும் உரிமை இருக்கவில்லை. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், யாராவது அள்ளி ஊற்றுவார்கள். எனக்கு இதைச் சொன்னவர் அவர்தான், எந்தக் கோபமும் இல்லாமல்.

யாழ்ப்பாணத்தில் கோணாப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களில் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கையில் காசும் வெளிநாட்டில் உறவும் இருந்தவர்கள் முதல் சில வருடங்களிலேயே முகாமைவிட்டு வாடகை வீட்டுக்கோ கொழும்புக்கோ கப்பலுக்கோ போய்விட்டார்கள். தங்கியவர்களில் பெரும்பாலானோர் நிலமில்லாதவர்கள், கரையை இழந்த மீனவர்கள், சாதியடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது என்ற கொள்கை இழக்க ஏதாவது வைத்திருந்தவருக்குத்தான் உதவும். இராணுவத்தைக் காணியைவிட்டு வெளியேறச் சொல்லி ஊர்வலம் போகும் எங்கள் அரசியல்வாதிகள் எத்தனை பேர், காணியே இல்லாத அகதிக்குக் காணி கொடு என்று அதே குரலில் கேட்டார்கள்? இராணுவம் போக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தையிட்டியில் தனியாரின் காணிக்குள் விகாரையைக் கட்டி எழுப்பிவிட்டு, 2023 முதல் பௌர்ணமிதோறும் போராடும் காணிக்காரர்களைப் பொலிஸை வைத்துத் தடுக்கும் அரசைப் பற்றி எனக்குக் குழப்பம் எதுவுமில்லை. ஆனால் படலை திறந்ததும் பழைய ஊரை அப்படியே மறுபடி கட்டுவோம் என்றால், ஆச்சி எங்கே நிற்பார்?

வன்னிக்குப் போனால் உறுதி என்ற பேச்சே அரிது. அங்கே பெரும்பாலும் பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரங்கள். அதற்கு மேல் புலிகளின் நிர்வாகம் பகிர்ந்துகொடுத்த காணிகள். அதற்கு அவர்கள் கொடுத்த பத்திரத்தை 2009க்குப் பிறகு எந்தச் செயலகத்திலும் காட்டமுடியாது. அதற்கும் மேல் 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்தியவர்கள். பாரதிபுரம், மலையாளபுரம் என்று அவர்களின் குடியிருப்புகளுக்குப் பெயர் உண்டு, காணிக்குப் பத்திரம் இல்லை. ஒரே துண்டு நிலத்துக்கு அரச பெர்மிட் வைத்திருப்பவர் ஒருவர், புலிகள் கொடுத்ததென்று இருபது வருடம் உழுதவர் ஒருவர், இடையில் வாங்கியவர் ஒருவர் என்று மூன்று பேர் வந்து நிற்பார்கள். மூன்று பேரும் இடம்பெயர்ந்தவர்கள். மூன்று பேரிலும் யாராவது ஒருவரின் பிள்ளை முள்ளிவாய்க்காலில் போயிருக்கும். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான், பயனாளியே முன்னின்று கட்டிக்கொள்வது. ஆனால் வீடு நிற்பது காணியில் அல்லவா? காணிக்கு ஆதாரமில்லாதவர் வரிசையின் கடைசிக்குப் போனார். தகரக் கொட்டிலில் இருந்தபடியே பக்கத்தில் எழும்பும் கல்வீட்டைப் பார்ப்பதைவிடச் சமாதானத்துக்கு எதிரான பிரசாரம் வேறு தேவையில்லை.

இதில் மிக மோசமாக அகப்பட்டவர்கள் கணவனைத் தேடும் பெண்கள். பெர்மிட் அவன் பெயரில் இருக்கிறது. அவன் கடைசியாகக் காணப்பட்டது வட்டுவாகலில், இராணுவத்திடம் கையளிக்கப்பட்டபோது. மரணச் சான்றிதழ் எடுத்தால் காணியை மாற்றலாம் என்று செயலகத்தில் சொல்வார்கள். எடுத்தால் அவனைத் தன் கையால் கொன்றதாகிவிடும், கேட்கிற உரிமையும் போய்விடும் என்று அவள் நினைக்கிறாள். அந்த நினைப்பில் பிழையில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். இறந்தார் என்று சொல்லாமலே காரியங்களைப் பார்க்க அது வழிவிடுகிறது. போர் முடிந்து ஏழு வருடம் கழித்து! பெர்மிட் வாரிசில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த 1935ஆம் ஆண்டு ஏற்பாட்டைத் திருத்தவோ 2022 வரை போனது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. காணி அவளுடைய சீதனம்தான், ஆனால் விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணாமல்போனவனிடம் கையெழுத்து வாங்குவது எப்படி? நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்கலாம். பஸ்ஸுக்கும் சட்டத்தரணிக்கும் யார் காசு கொடுப்பது என்பதைத் தேசவழமை சொல்லவில்லை.

ஆட்சியுரிமைச் சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருக்கும் பலருக்கு அது தெரியாது. ஒருவரின் காணியை இன்னொருவர் பத்து வருடம் இடையூறில்லாமல், உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. சாதாரண காலத்துக்கு அது நியாயம். ஆனால் துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவரின் காணியில் பத்து வருடம் என்பது எந்தக் கணக்கு? 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தை, ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு அந்தப் பத்து வருடத்தில் சேர்க்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். அதன் பயனைப் பெற இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்றும் சொன்னது. இருபத்தாறு வருட இழப்புக்கு இரண்டு வருட வாசல். அது திறந்திருந்ததும் மூடியதும் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம்.

அந்தச் சட்டம் அதிகம் உதவியிருக்க வேண்டியவர்கள் வடக்கின் முஸ்லிம்கள். இதை எழுதும்போது எனக்குத் தெரியும், வாசிக்கும் சிலருக்கு முகம் சுருங்கும், சுருங்கட்டும். 1990 அக்டோபர் கடைசியில் புலிகள் வடமாகாணத்தின் முஸ்லிம்களை முழுதாக வெளியேற்றினார்கள். 70,000க்கும் அதிகமானவர்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நாங்கள் ஜூனில் ஓடினோம், அவர்கள் அக்டோபரில் துரத்தப்பட்டார்கள். எங்களுடையதை இடப்பெயர்வு என்று புத்தகங்களாக எழுதிக் குவித்தோம். அவர்களுடையதைப் பற்றி எங்கள் பக்கத்தில் நீண்டகாலம் ஒரு சங்கடமான மௌனம் இருந்தது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகள் தரப்பே வருத்தம் தெரிவித்த பிறகும் அந்த மௌனம் முழுதாக உடையவில்லை.

போர் முடிந்ததும் அவர்களும் திரும்பலாம் என்றார்கள். திரும்பிப் பார்த்தால், அகதிகளாகப் போயிருந்த புத்தளத்தில் இருபது வருடத்தில் மூன்று பேர் எட்டாகி, எட்டுப் பேர் இருபதாகியிருந்தார்கள். அரசும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோரைப் பழையவர், புதியவர் என்று பிரித்தன. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர் புதியவர், அவருக்கு முன்னுரிமை. அதற்கு முன்னர் எத்தனை வருடம் முகாமில் கிடந்தாலும் பழையவர். அவர் ஏதோ பழகிவிட்டார் என்ற நினைப்பு. மன்னார் முசலியில் மரிச்சுக்கட்டிக்கும் கரடிக்குளிக்கும் போனவர்களுக்கு இன்னொன்று காத்திருந்தது. ஆளில்லாத இருபது வருடத்தில் ஊர்களைக் காடு மூடியிருந்தது. 2012இல் அந்தக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட வனமாக அரச வர்த்தமானியில் அறிவித்துவிட்டார்கள். 2015இல் கொழும்புத் தொலைக்காட்சிகள் கமெராவோடு வந்து, வில்பத்து தேசியப் பூங்காவை அழிக்கிறார்கள் என்று அலறின. மனிதனைத் துரத்தியதால் வளர்ந்த காடு, அதே மனிதன் திரும்பி வருவதற்குத் தடை. வனத்துறையின் இந்த வேலை முசலியோடு நின்றுவிடவும் இல்லை. வன்னியில் விதைப்பாரின்றிப் பற்றை பிடித்த எத்தனையோ வயல்களுக்கு எல்லைக்கல் போட்டுவிட்டார்கள். இதிலாவது தமிழ் விவசாயியும் முஸ்லிம் விவசாயியும் ஒரே செயலகத்தின் முன் ஒன்றாக நின்றிருக்க வேண்டும். நின்றது குறைவு. மீள்குடியேற்றத்துக்கான காணி ஒதுக்கீடு என்றால் அவர்களுக்குப் போய்விடும், எங்களுக்கு வராது என்ற பயத்தை இரண்டு பக்கத்து அரசியலும் நன்றாக விதைத்து வைத்திருந்தது.

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் பக்கம் இதைவிடச் சிக்கல். 1984 டிசம்பரில் தமிழ்க் கிராமங்களை இராணுவம் வெளியேற்றியது. பின்னர் அரசின் மகாவலிக் குடியேற்றத் திட்டத்தின் 'எல்' வலயம் வந்து, வெலிஓயா என்ற பெயரில் சிங்களக் குடும்பங்கள் குடியேறின. தமிழர் திரும்பியபோது அவர்களுடைய பெர்மிட் வயல்களில் வேறொருவரின் நெல் நின்றது. உழுதுகொண்டிருந்த அந்தக் குடும்பம் யாரோ ஒரு கொழும்புத் திட்டக்காரன் கொண்டுவந்து எல்லைப்புறத்தில் நிறுத்திய ஏழைக் குடும்பம். போர்க்காலம் முழுதும் இரவில் காட்டுக்குள் ஒளிந்து படுத்த குடும்பம். அவர்களை இன்னொரு தடவை விரட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. வயல் தமிழருடையது என்பதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடிகிற ஓர் ஏற்பாடு வேண்டும்: மாற்றுக் காணியும் நட்டஈடும் அரசின் செலவில், ஏனென்றால் இரண்டு பேரையும் மோதவிட்டது அரசு. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றிய ஐக்கிய நாடுகளின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டிக் கோட்பாடுகளில் 29ஆவது இதைத்தான் சொல்கிறது: சொத்தை மீட்டுக்கொடு, முடியாவிட்டால் உரிய ஈடு கொடு. மகாவலி அதிகாரசபைக்கு அதைச் சிங்களத்தில் அச்சடித்து அனுப்பலாம்.

கண்ணிவெடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பட்டியலில் ஒழுங்காக நடந்த வேலை அதுதான். முகமாலையில் வெயிலில் முழங்காலில் நின்று ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைக் கிளறியவர்களில் கணிசமானோர் பெண்கள், பலர் குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகள். 2017 டிசம்பரில் இலங்கை, கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. மண்ணுக்குள் இருப்பதைத் துப்புரவாக்க ஆளும் காசும் முறையும் இருந்தன. மண்ணுக்கு மேலே இருந்த கடதாசிகளுக்குத்தான் யாரும் அப்படி உழைக்கவில்லை.

யாரையும் காத்திராமல் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். இரணைதீவுக்காரர்கள் 1992இல் தீவைவிட்டு வந்தவர்கள். பெருநிலத்தில் இரணைமாதா நகரில் குடியிருந்தார்கள். தீவு கடற்படையிடம். 2017 மே முதலாம் திகதி கடற்கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் பெண்கள். கலந்துரையாடல், வாக்குறுதி, அளவீடு, மறுபடி கலந்துரையாடல் என்று ஒரு வருடம் போனது. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக் கொடியைக் கட்டிக்கொண்டு கடலைக் கடந்து தீவில் இறங்கிவிட்டார்கள். நேரே மாதா கோவிலுக்குப் போனார்கள். கடற்படை தடுக்கவில்லை, தடுத்தால் உலகமே பார்த்திருக்கும். அடுத்த மாதம் அரசு சம்மதித்தது. முதலில் இறங்கினார்கள், பிறகு அனுமதி வந்தது. இதை எல்லா ஊரும் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். அதே 2017இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் ஒரு மாதம் இரவும் பகலும் கிடந்துதான் காணியை வாங்கினார்கள். பக்கத்திலேயே கேப்பாப்புலவு மக்களும் கிடந்தார்கள். அவர்களுடைய காத்திருப்போ வருடக்கணக்கில் போனது. ஆனாலும் இரணைதீவில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. போன நாளிலேயே யாருடைய வீடு எது, மீன் வாடி எது, எந்தப் பக்கத்தில் யார் கடலட்டை பொறுக்குவது என்றெல்லாம் அவர்களே பேசிப் பிரித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒன்றாக இடம்பெயர்ந்து ஒன்றாக ஓரிடத்தில் இருந்ததால் ஊரின் ஞாபகம் சிதறாமல் இருந்தது. எங்கள் வலிகாமத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நல்லிணக்கத்துக்கென்று வந்த பணத்தில் எத்தனையோ பட்டறைகள், தெருக்கூத்துகள், இரு மொழிப் பதாகைகள் நடந்தன. சிலவற்றில் நானும் வடையும் தேநீரும் வாங்கியிருக்கிறேன். அவற்றால் தீங்கில்லை. ஆனால் காணிப் பிணக்குகளுக்கென்று அமைத்த விசேட இணக்க சபைகளின் அமர்வு ஒன்றைப் பார்க்கக் கிடைத்தபோது, அந்தப் பணத்தில் பாதி இங்கே வந்திருக்கலாமே என்று தோன்றியது. பாடசாலை மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் நடுவில். வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவே ஒரு மாமரம். மரத்தை நட்டவர் ஒருவர், நிலம் மற்றவருடையது. சட்டத்தரணி கிடையாது. அதிபர் எதையும் தீர்ப்பாகச் சொல்லவில்லை. "நீங்கள் சொல்லுங்கள் அம்மா", "பிறகு என்ன நடந்தது ஐயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருந்தது. அது ஒன்றும் சிறிய விஷயமில்லை. எங்கள் ஊர்களில் இருபது வருடமாக யாரும் யாரையும் முழுதாகக் கேட்டதில்லை. இந்தச் சபைகளின் கை எட்டாத இடங்களும் உண்டு. இராணுவத்தையும் வனத்துறையையும் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைக்க எந்த அதிபராலும் முடியாது.

அந்தக் கை எட்டாத இடத்திலிருந்துதான் 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வந்தது. வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணி. 1931ஆம் ஆண்டுக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது முறையான அறிவித்தல். உறுதிகள் எரிந்து, பதுங்குகுழியில் நனைந்து, நந்திக்கடலில் போன மக்களிடம், உரித்தாளர்கள் மூன்று கண்டங்களில் இருக்கும் மக்களிடம், மூன்று மாதம்! வழக்குப் போட்டார்கள். ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு வர்த்தமானியை மீளப்பெற்றது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். அலமாரியில் அப்பா விட்டுப்போன உறுதியை இந்த வாரம் வெளியே எடுங்கள். நொத்தாரிசின் பெயரையும் உறுதி இலக்கத்தையும் திகதியையும் எழுதி ஊரில் இருக்கும் சகோதரருக்கு அனுப்புங்கள். காணிப் பதிவகத்தில் பதிவு இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். நீங்கள் திரும்பப்போவதில்லை என்றால் அதை இப்போதே சொல்லி, யாருக்கு எழுதுவதென்று முடிவெடுத்து, அற்றோர்ணித் தத்துவத்தையாவது கொடுத்துவிடுங்கள். உங்கள் பெயரில் பற்றை வளர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பரப்பு, பக்கத்துக்காரரின் வேலியை மட்டுமல்ல, அந்த ஒழுங்கையில் குடியிருக்க இரண்டு பரப்புக் கேட்டு அலைகிற ஒருவரையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. சின்னம்மாவின் கிணற்றை இறைத்துத் தூர்வாரப் போன மாதம் ஆள் பிடித்தோம். ஆச்சிக்குத் தெற்கு மூலையில் ஒரு பரப்பு எழுதுவதா என்று குடும்பத்துக்குள் பேச்சு நடக்கிறது. இரண்டு மாமாமார் இன்னும் சம்மதிக்கவில்லை.